77-க்கு 77: இரண்டு அணிகள் பாரிஸுக்கு வந்த வழி

2023 அக்டோபரில் சேப்பாக்கம் நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற இரண்டு நாட்டுக் கிரிக்கெட் அணிகளையும் பார்த்தது. நியூசிலாந்து 13ஆம் தேதி பங்களாதேஷையும் 18ஆம் தேதி ஆப்கானிஸ்தானையும் இங்கே சுலபமாக வென்றது. 27ஆம் தேதி ராத்திரி பாகிஸ்தானோடு தென்னாப்பிரிக்கா 9 விக்கெட்டை இழந்து தத்தளித்தது. கேசவ் மகராஜ் அடித்த பவுண்டரியில்தான் தப்பித்தது. மறுநாள் ராத்திரி, நம் கடிகாரத்தில் ஞாயிறு 12.30 மணிக்கு, பாரிஸை ஒட்டிய ஸ்டாட் டி பிரான்ஸ் மைதானத்தில் இதே இரண்டு நாடுகளும் ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் மோதின. தென்னாப்பிரிக்கா 12-11 என்று வென்றது. சேப்பாக்கத்தில் ஒரு விக்கெட், பாரிஸில் ஒரு புள்ளி.

அந்த ஒரு புள்ளியைப் பலரும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிட்டார்கள். கோப்பை முழுவதையும் வரிசையாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. தென்னாப்பிரிக்காவின் ஹூக்கர், அதாவது முன்வரிசை வீரர், ஒருவர் காயம்பட்டபோது அவருக்குப் பதிலாக யாரைக் கூப்பிடுவது என்று செப்டம்பரில் எடுத்த முடிவுதான் அக்டோபர் கடைசியில் லாபமாகவும் நஷ்டமாகவும் ஒரே ராத்திரியில் வந்து நின்றது.

கணக்கு தெரியாமல் மேற்கொண்டு போக முடியாது. எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தும் ட்ரை 5 புள்ளி, அதற்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷன் 2, எதிரணியின் தவறுக்காக உதைக்கும் பெனால்டி 3, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு உதைக்கும் டிராப் கோல் 3. பிரிவு ஆட்டங்களில் வெற்றிக்கு 4 புள்ளி. ஒரே ஆட்டத்தில் 4 ட்ரை போட்டால் போனஸ் 1; 7 அல்லது அதற்குக் குறைவான புள்ளி வித்தியாசத்தில் தோற்றாலும் ஆறுதலாக 1. 2025-இல் முதல் ரக்பி பிரீமியர் லீக்கை சென்னை புல்ஸ் ஜெயித்த பிறகு இந்த ஆட்டத்தின் பக்கம் வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: அது எழுவர் ரக்பி, இரண்டு அணியும் பிணைந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் பக்கத்துக்கு மூன்று பேர். இது பதினைவர் ரக்பி. ஸ்க்ரம்மில் எட்டுக்கு எட்டு, 80 நிமிடம். ஓட்டத்தைவிட எடைக்கும் களைப்புக்கும் இங்கே மரியாதை அதிகம்.

இப்போது இரண்டு அணிகளின் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நியூசிலாந்து ஏ பிரிவில் பிரான்ஸிடம் 13-27 என்று தோற்றது. பிறகு நமீபியாவை 71-3, இத்தாலியை 96-17, உருகுவேயை 73-0. மொத்தம் 15 புள்ளி, இரண்டாம் இடம். தென்னாப்பிரிக்கா பி பிரிவில் ஸ்காட்லாந்தை 18-3, ருமேனியாவை 76-0 என்று வென்று, அயர்லாந்திடம் 8-13 என்று தோற்று, டோங்காவை 49-18 என்று முடித்தது. அதுவும் 15 புள்ளி, அதுவும் இரண்டாம் இடம். காலிறுதி, அரையிறுதியையும் சேர்த்துக் கூட்டினால் இன்னும் வேடிக்கை. இறுதிக்கு வரும்வரை நியூசிலாந்து விட்டுக்கொடுத்தது 77 புள்ளி. தென்னாப்பிரிக்கா விட்டுக்கொடுத்ததும் 77.

எடுத்த புள்ளியில் மட்டும் பெரிய வித்தியாசம்: 325-க்கு 196. ஆனால் அந்த 325-ல் 240 மூன்று எளிய ஆட்டங்களில் வந்தவை. மீதி மூன்றில், அதாவது பிரான்ஸ், அயர்லாந்து, அர்ஜென்டினாவுக்கு எதிராக, 85. சின்ன அணியை 96 அடிப்பதை வைத்து ஒரு அணியை எடை போடுவது வீண் வேலை.

குலுக்கலைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 கோப்பைக்கான பிரிவுகளை 2020 டிசம்பரிலேயே குலுக்கிவிட்டார்கள், அதுவும் 2020 ஜனவரி 1 தரவரிசையை வைத்து. மூன்றே முக்கால் வருஷப் பழைய பட்டியல். விளைவு, கோப்பை தொடங்கும்போது உலகின் முதல் நான்கு இடங்களில் இருந்த அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, பிரான்ஸ், நியூசிலாந்து நான்கும் ஏ, பி என்ற இரண்டே பிரிவுகளில் மாட்டிக்கொண்டன. ஏ பிரிவின் முதல் அணிக்கு பி பிரிவின் இரண்டாம் அணி, பி-யின் முதலுக்கு ஏ-யின் இரண்டாவது என்பது காலிறுதி ஏற்பாடு. அந்த நான்கில் இரண்டு காலிறுதியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்தப் பக்கம் அக்டோபர் 14, 15 இரண்டு ராத்திரியும் இறுதிப் போட்டி மாதிரி நடந்தது. அடுத்த கோப்பை 2027-இல் ஆஸ்திரேலியாவில், 24 அணிகளோடு; அதற்கான குலுக்கலை 2025 டிசம்பர்வரை தள்ளிப்போட்டது இந்தப் பாடத்தால்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நியூசிலாந்தின் பாதை ஆகஸ்ட் 25-லேயே தொடங்குகிறது. லண்டன் ட்விக்கன்ஹாமில் தயாரிப்பு ஆட்டம். தென்னாப்பிரிக்கா 35, நியூசிலாந்து 7. நியூசிலாந்து ரக்பி வரலாற்றிலேயே அதுதான் ஆகப் பெரிய தோல்வி. இரண்டு வாரம் கழித்து செப்டம்பர் 8-ல் பிரான்ஸோடு தொடக்க ஆட்டம். இரண்டாவது நிமிடத்திலேயே மார்க் டெலேயா ட்ரை போட்டார், ஆனாலும் தோல்வி. உலகக் கோப்பைப் பிரிவு ஆட்டம் எதிலும் அதுவரை நியூசிலாந்து தோற்றதே கிடையாது. ஷானன் ஃப்ரிசெல், ஜோர்டி பாரெட், டைரல் லோமாக்ஸ் மூவரும் காயத்தில் வெளியே. கேப்டன் சாம் கேன் ஆட்டம் தொடங்கச் சற்று முன்னால் முதுகுப் பிடிப்பில் விலகினார். தடுப்பை நம்பி ஆடும் கேன் இல்லை, முட்டி மோதி முன்னேறும் ஃப்ரிசெல் இல்லை. பிரான்ஸ் உதைத்து உதைத்தே பின்னுக்குத் தள்ளியது. அந்த அணியையும் அக்டோபர் நடுவில் ஆடிய அணியையும் ஒன்றாக நினைத்தால் கணிப்பு தப்பும்.

காலிறுதியில் எதிரே தொடர்ந்து 17 ஆட்டம் ஜெயித்து வந்த அயர்லாந்து. 28-24. இரண்டு மஞ்சள் அட்டை வாங்கிய அணி ஜெயித்தது என்பதே பெரிய விஷயம். ஆரன் ஸ்மித்தும் கோடி டெய்லரும் தலா 10 நிமிடம் வெளியே. அயர்லாந்தின் ரோனன் கெல்லஹர் கோட்டைத் தாண்டி விழுந்தும் பந்து தரையைத் தொடவில்லை. ஜோர்டி பாரெட் அடியில் கிடந்து தாங்கிப் பிடித்துவிட்டார். பந்தைத் தரையில் அழுத்தினால்தான் ட்ரை, கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது.

கடைசி ஐந்து நிமிடம் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள நல்ல பாடம். அயர்லாந்து பந்தை விடாமல் 37 கட்டம் ஆடியது. ஒரு கட்டம் என்பது இதுதான்: பந்தோடு ஒருவர் மோதுகிறார், விழுகிறார், பந்தைப் பின்பக்கம் வைக்கிறார், இரண்டு கூட்டாளிகள் மேலே நின்று காக்கிறார்கள், இன்னொருவர் எடுக்கிறார். நம் கபடியில் பிடிபட்டவர் எப்படியாவது கோட்டுக்குக் கையை நீட்டுவார். இங்கே விழுந்தவர் பந்தை உடனே விட்டாக வேண்டும். தடுக்கும் அணி என்ன செய்யலாம்? ரக், அதாவது கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியினரும் முட்டிக்கொள்ளும் குவியல், உருவாகும் முன், சொந்தக் காலில் நின்றபடி, கையை நேராகப் பந்தில் போடலாம். கை தரையில் ஊன்றினாலோ பக்கவாட்டில் புகுந்தாலோ பெனால்டி. ஸ்கோர் 4 வித்தியாசத்தில் இருக்கும்போது ஒரு பெனால்டி கொடுத்தால் எதிரணி கோட்டுக்குப் பக்கத்தில் லைன் அவுட் (எல்லைக்கோட்டிலிருந்து இரு வரிசைக்கும் நடுவே பந்தை எறிவது) கேட்கும். அதனால் 36 கட்டம்வரை நியூசிலாந்து பந்துக்கு ஆசைப்படவில்லை. வரிசையாக நின்று தடுத்ததோடு சரி. காக்க வந்த அயர்லாந்துக்காரர்கள் ஒரு நொடி தாமதித்த 37-ஆவது கட்டத்தில் சாம் வைட்லாக் குனிந்து பந்தைப் பற்றினார். விழுந்தவரால் விட முடியவில்லை. நடுவர் வெய்ன் பார்ன்ஸ் விசிலடித்தார், முடிந்தது.

அரையிறுதி சொல்ல ஒன்றுமில்லை. அர்ஜென்டினாவை 44-6; வில் ஜோர்டன் மூன்று ட்ரை. இலகுவான அரையிறுதி நல்லதா கெட்டதா என்பது ரக்பியில் தீராத விவாதம். இறுதிக்கு முன் நியூசிலாந்துக்கு எட்டு நாள் கிடைத்தது, தென்னாப்பிரிக்காவுக்கு ஏழு.

இனி அந்த ஹூக்கர் கதை. ஸ்க்ரம்மின் முன்வரிசை நடுவில் நிற்பவர் ஹூக்கர். லைன் அவுட்டில் பந்தை எறிவதும் அவர்தான். ஸ்காட்லாந்து ஆட்டத்துக்குப் பிறகு பயிற்சியில் தென்னாப்பிரிக்காவின் மால்கம் மார்க்ஸுக்கு முழங்கால் போனது. உலகின் சிறந்த ஹூக்கர்களில் ஒருவர். அணியில் 33 பேருக்குத்தான் இடம். ஹூக்கர் போனால் ஹூக்கர் வருவார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அணியை நடத்திய ராஸி எராஸ்மஸும் ஜாக் நீனாபரும் ஃபிளை ஹாஃப் (ஆட்டத்தை நடத்துபவர், உதைப்பவரும் பெரும்பாலும் அவரே) ஹாண்ட்ரே பொலார்டைக் கூப்பிட்டார்கள். தொழில்முறை ஹூக்கர் என்று மிச்சம் போங்கி எம்போனாம்பி ஒருவர் மட்டும். அவருக்கு மாற்று, ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கும் 37 வயது ஃபிளாங்கர் டியான் ஃபூரி. ஹூக்கராகவும் ஆடத் தெரிந்தவர்.

ஏன் இந்தத் துணிச்சல் என்பதற்கு அடுத்து நடந்த அயர்லாந்து ஆட்டமே பதில் சொன்னது. செப்டம்பர் 23, 8-13. மானி லிபோக் ஒரு கன்வர்ஷனையும் ஒரு பெனால்டியையும் தவறவிட்டார். ஃபாஃப் டி கிளெர்க் இரண்டு பெனால்டி. 2+3+3+3, ஆக 11 புள்ளி கம்பத்துக்கு வெளியே போனது. தோற்றது 5 புள்ளியில். லிபோக் பந்தைப் பகிர்வதில் கெட்டிக்காரர், அவரால் தென்னாப்பிரிக்காவின் ஆட்டமே திறந்தது. ஆனால் நாக் அவுட்டில் வித்தியாசம் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும், அங்கே உதைப்பவர் சொதப்பினால் மற்றதெல்லாம் வீண். கெண்டைக்கால் காயத்தால் முதலில் விடுபட்ட பொலார்ட், டோங்கா ஆட்டத்தில் திரும்பி வந்தார்.

காலிறுதி, அக்டோபர் 15, சொந்த மண்ணில் பிரான்ஸ். முதல் பாதியில் மட்டும் பக்கத்துக்கு மூன்று ட்ரை, 22-19 பிரான்ஸ் முன்னிலை. அந்தப் பாதியில் பிரான்ஸின் தோமா ராமோஸ் கன்வர்ஷனுக்கு ஓடத் தொடங்கியபோது, தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பே கோட்டிலிருந்து பாய்ந்து வந்து பந்தைத் தடுத்துவிட்டார். விதி என்ன சொல்கிறது? தடுக்கும் அணி தன் ட்ரை கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். உதைப்பவர் பந்தை நோக்கி அசைந்த கணத்தில் ஓடலாம். உதைப்பவரின் ஓட்டம் நீளமாகவும் நிதானமாகவும் இருந்தால், வேகக்காரருக்கு அது போதும். ஆயிரத்தில் ஒன்று நடக்கிற காரியம்தான். ஆட்டம் 29-28 என்று முடிந்ததால் அந்த 2 புள்ளி கோப்பையின் விலை ஆயிற்று. இரண்டாம் பாதியில் பொலார்ட் இறங்கி அடித்த பெனால்டி தென்னாப்பிரிக்காவின் கடைசி 3 புள்ளி. இதே ஆட்டத்தில் டாமியன் வில்லெம்சே தன் பக்கத்து 22 மீட்டருக்குள் உயரப் பந்தைப் பிடித்து 'மார்க்' (பிடித்த இடத்திலிருந்து தடையில்லாமல் ஆடும் உரிமை) கேட்டு, உதைத்து விரட்டாமல் ஸ்க்ரம் கேட்டார். பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. எதிரணி எட்டுப் பேரின் மூச்சை வாங்குவதற்கு அதைவிட மலிவான வழி இல்லை.

அரையிறுதி இங்கிலாந்து, மழை. ஓவன் ஃபாரெல் நான்கு பெனால்டியும் ஒரு டிராப் கோலும் அடித்து 15-6 ஆக்கினார். லிபோக்கை அரை மணி நேரத்திலேயே எடுத்துவிட்டு பொலார்டை இறக்கினார்கள். மழையில் பந்தை விரிக்கிற ஆட்டம் எடுபடாது. பிறகு ஆக்ஸ் என்சே வந்தார். மாற்று வீரராக வந்த இந்தக் குள்ளமான, அகலமான முன்வரிசைக்காரர் எதிராளியின் மார்புக்குக் கீழே புகுந்து மேலே நிமிர்த்தினார். நிமிர்ந்த முதுகில் பலம் நிற்காது, ஸ்க்ரம் சரிந்தால் பெனால்டி. 69ஆம் நிமிடவாக்கில் ஆர்ஜி ஸ்னைமன் ட்ரை, பொலார்ட் கன்வர்ஷன், 15-13. 77ஆம் நிமிடம் தாண்டி இன்னொரு ஸ்க்ரம் பெனால்டி. ஏறக்குறைய மைதானத்தின் பாதியிலிருந்து, ஈரப் பந்து, 60 நொடிக் கெடு. பொலார்ட் அடித்தார், 16-15.

காலிறுதிக்கும் அரையிறுதிக்கும் ஒரே 23 பேரை வைத்திருந்த தென்னாப்பிரிக்கா, இறுதிக்கு மாற்றியது. டி கிளெர்க்கும் பொலார்டும் தொடக்கத்திலேயே. பெஞ்சில் எட்டுப் பேரில் ஏழு பேர் ஸ்க்ரம்மில் தள்ளும் ஃபார்வர்டு, ஸ்க்ரம்முக்குப் பின்னால் நிற்கும் பின்வரிசைக்கு வில்லி லே ரூ ஒருவர்தான். நியூசிலாந்து வழக்கமான 5-3. ஏழு-ஒன்று என்றால் இரண்டாம் பாதியில் ஸ்க்ரம்மின் எட்டில் ஏழு பேரைப் புதிதாக மாற்றலாம்; எதிராளி மூச்சு வாங்கும் நேரத்தில் நம் ஆள் அப்போதுதான் வியர்க்கத் தொடங்குவார். இரண்டு கடுமையான ஆட்டங்களின் களைப்புக்கு இதுதான் மருந்து. பக்கவிளைவும் உண்டு: ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம் ஹாஃபுக்குப் பெஞ்சில் மாற்று கிடையாது. டி கிளெர்க்குக்கு அடிபட்டால் விங்கரான கோல்பே அந்த இடத்தில் நிற்க வேண்டியதுதான். சூதாட்டம் என்று விமர்சித்தவர்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் அவர்கள் பயந்தது பின்வரிசைக்கு. ஆபத்து வந்தது முன்வரிசையில்.

மூன்றாவது நிமிடம். ரக்கில் ஷானன் ஃப்ரிசெல் உருண்டு எம்போனாம்பியின் கால்மேல் விழுந்தார். ஃப்ரிசெல்லுக்கு மஞ்சள், எம்போனாம்பிக்கு ஆட்டம் முடிந்தது. 77 நிமிடத்தை ஃபூரி ஹூக்கராக ஆட வேண்டும்.

லைன் அவுட்டை நெருங்கிப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். இரண்டு அணி வரிசைக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. பந்து அதன் நடுவே நேராகப் போக வேண்டும், குறைந்தது 5 மீட்டர். குதிப்பவரை இரண்டு பேர் தொடையைப் பிடித்துத் தூக்குவார்கள். அவர் உச்சியில் இருக்கிற அரை நொடிக்குள் பந்து அவர் விரலுக்குப் போய்ச் சேர வேண்டும். முன்னால் நிற்பவருக்கு வேகமான தட்டை எறிதல், பின்னால் நிற்பவருக்கு வளைந்த உயர எறிதல். ஒரு சாண் தள்ளிப் போனால் எதிரணி கை. ஆயிரக்கணக்கான தடவை எறிந்து எறிந்து வருகிற பழக்கம் அது. ஃபூரி ஸ்க்ரம்மில் தாக்குப்பிடித்தார், தடுப்பில் உயிரைக் கொடுத்தார். லைன் அவுட் தடுமாறியது. பெனால்டியை எல்லைக்கோட்டுக்கு உதைத்து லைன் அவுட் எடுத்து, பந்து வைத்திருப்பவரைச் சுற்றிப் பிணைந்து கூட்டமாக 'மால்' தள்ளுவது தென்னாப்பிரிக்காவின் பிரதான ஆயுதம். அந்த ஆயுதம் மொக்கையானது. இரண்டாம் பாதியில் அவர்கள் ஒரு புள்ளிகூட எடுக்காததற்கு இதுதான் முதல் காரணம் என்பேன்.

ஆனால் முதல் பாதியில் பொலார்ட் நான்கு பெனால்டி அடித்தார், நான்கும் உள்ளே. 12-6. மார்க்ஸுக்குப் பதில் வந்தவர் அணியின் மொத்தப் புள்ளியையும் எடுத்தார்.

நியூசிலாந்துக் கேப்டன் கேன் வாங்கிய அட்டைக்கு வருவோம். 28ஆம் நிமிடவாக்கில் ஜெஸ்ஸி கிரியலைத் தடுக்கப் போய் தோள் தலையில் பட்டது. முதலில் மஞ்சள். பிறகு பங்க்கர் அறையில் தனி நடுவர் வீடியோ பார்த்து 8 நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும், சிவப்பு ஆயிற்று. ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் சிவப்பு வாங்கிய முதல் ஆள் அவர். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் சியா கொலிசியின் தலை ஆர்டி சவேயா மேல் பட்டது. மஞ்சள், அது மஞ்சளாகவே நின்றது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தீர்ப்பா என்று கேட்டார்கள். தலையில் பட்டதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. வேகம் எவ்வளவு, மோதல் நேரடியா, தடுத்தவர் குனிய முயன்றாரா என்று பார்ப்பார்கள். கேன் நிமிர்ந்தே போனார்.

14 பேரோடு நியூசிலாந்து ஆடியது அவர்களுடைய சிறந்த ஆட்டம், இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆரன் ஸ்மித் போட்ட ட்ரை, அதற்கு முன் லைன் அவுட்டில் சவேயா கையிலிருந்து பந்து முன்னால் நழுவியதென்று ரத்தானது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. 58ஆம் நிமிடம் போடன் பாரெட் போட்டே விட்டார். 1995, 2007, 2019 என்று மூன்று இறுதிகளில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக எவரும் ட்ரை போட்டதில்லை, இதுவே முதல். 12-11. எல்லைக்கோட்டோரத்திலிருந்து ரிச்சி மௌங்காவின் கன்வர்ஷன் வெளியே.

நியூசிலாந்து தாக்கியதெல்லாம் பீட்டர் ஸ்டெஃப் டு டாய்ட்டின் தோளில் போய் நின்றது. ஒரே ஆட்டத்தில் 28 தடுப்பு. அவரில்லாமல் பொலார்டின் 12 போதியிருக்காது.

73ஆம் நிமிடம் கோல்பே வேண்டுமென்றே பந்தை முன்னால் தட்டினார் என்று மஞ்சள். அந்தப் பெனால்டியை ஜோர்டி பாரெட் ஏறக்குறைய பாதி மைதானத்திலிருந்து அடித்தார், ஒரு வாரத்துக்கு முன் மழையில் பொலார்ட் அடித்த அதே தூரம். கம்பத்துக்கு வலப்பக்கமாகப் போய்விட்டது. மௌங்காவின் 2, இவருடைய 3. மிச்ச நிமிடங்களில் 14-க்கு 14. ராமோஸின் பந்தை ஓடிப்போய்த் தடுத்த கோல்பே, தண்டனை நாற்காலியில் ஜெர்சியை முகத்தின்மேல் இழுத்து மூடிக்கொண்டு, மணி அடிக்கும்வரை மைதானத்தைப் பார்க்கவே இல்லை.